படம் நம்ம ஊர், வசனம் யார் ஊர்?

எங்கள் செம்பாக்கம் வீட்டில் படக்கதைப் புத்தகங்களுக்கு ஒரே நீதிபதி, ஐந்து வயது மகள். பிடித்துவிட்டால் "இன்னொரு வாட்டிப்பா" என்பாள். பிடிக்காவிட்டால் தண்ணீர் தாகம் என்று எழுந்து போய்விடுவாள். இரவுதோறும் வாசித்துக் காட்டுகிறவன் என்ற முறையில் அவளுடைய தீர்ப்புகளுக்குக் காரணம் தேடிப் பார்த்தேன். படத்தில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். வசனத்தில்தான் இன்னும் தடுக்கி விழுகிறோம்.

சென்னையில் தாரா பதிப்பகம் 1994-லும் துலிகா பதிப்பகம் 1996-லும் தொடங்கின. பனியும் ஆப்பிளுமாக இருந்த குழந்தைகளின் அலமாரிக்குள் நம் வீட்டுப் பொருள்கள் வந்ததில் இவற்றுக்குப் பெரிய பங்குண்டு. அம்மாவின் புடவையைப் பற்றி சந்தியா ராவ் எழுதி, நீனா சப்னானி படம் செய்த துலிகா புத்தகத்தில், நிஜப் புடவைகளின் புகைப்படங்கள்மேல் குழந்தைகளை வரைந்திருக்கிறார்கள். புடவை ரயிலாகிறது, ஒளிய இடமாகிறது, மூக்குத் துடைக்கவும் உதவுகிறது. மகள் ஒவ்வொரு பக்கத்திலும் துணியைத் தடவிப் பார்த்து ஏமாந்து, அம்மாவின் முந்தானையைப் போய்ப் பிடித்துக்கொள்வாள். இதைவிட ஒரு படத்துக்கு என்ன பாராட்டு வேண்டும்?

தாராவின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' வேறு வகை. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரின் மரங்கள், கையால் செய்த கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டில் மினுங்குகின்றன. 2008-இல் பொலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் விருது வாங்கிய புத்தகம். எங்கள் வீட்டில் அது பீரோ மேல் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே அதை நான் என் புத்தகமாக்கிக்கொண்டேன். அழகில் குறையில்லை; ஆனால் மடியில் போட்டுப் புரட்ட முடியாதது பிள்ளைக்கு எப்படிச் சொந்தமாகும்?

இனி வசனம். நான் வாங்கிய தமிழ்ப் படக்கதைகளில் பல, ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தவை. மொழிபெயர்ப்பு என்பதாலேயே ஒரு புத்தகம் கெட்டுவிடாது. அசோக் ராஜகோபாலனின் புத்தகத்தில் கஜபதி குலபதி என்ற யானைக்கு ஜலதோஷம் பிடித்துத் தும்மல் வருகிறது. கதையின் உயிரே அந்தத் தும்மல்தான். தும்மலுக்கு ஏது மொழி? நான் மூச்சை இழுக்கும்போதே இவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இன்னொரு புத்தகத்தில் ஒரு கோழி, "நான் மிகவும் மகிழ்ச்சியாக உணர்கிறேன்" என்று கூறியது. "கோழி ஏம்ப்பா டீச்சர் மாதிரி பேசுது?" என்றாள். அன்றிலிருந்து அதை "எனக்கு ஜாலியா இருக்கு" என்று மாற்றித்தான் படிக்கிறேன். எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டாள். அச்சில் இருப்பதும் அப்பா படிப்பதும் வேறுவேறு என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவாள்.

அதற்காக எல்லாவற்றையும் பேச்சுத்தமிழில் அச்சடித்துவிட முடியுமா? தாம்பரத்து 'வாட்டி' நாகர்கோவிலில் 'தடவை' ஆகிவிடும். எழுத்துத்தமிழ் எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் பொது. அதன் ஓசை காதில் விழுவதும் பிள்ளைக்கு நல்லதுதான். 'ஒரு ஊரில் ஒரு நரி இருந்தது' என்பதும் எழுத்துத்தமிழ்தானே? அதில் எந்தப் பிள்ளையும் முகம் சுளித்ததில்லை. ஆகவே குற்றம் எழுத்துத்தமிழில் இல்லை, ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுவதில் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லும் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இவளுக்குத் தவறாமல் தாகம் எடுக்கிறது.

படக்கதையை முதலில் படிப்பது கண்ணல்ல, பெரியவர் ஒருவரின் வாய். எனவே எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை, பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, உரக்கப் படித்துவிடுங்கள். பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற இடத்தில் பேனாவை எடுங்கள்.