காளை இல்லாத இடம்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் எத்தனை முறை சுற்றினாலும், என் கால்கள் திருவெண்காட்டு ரிஷபவாகனரின், காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனின் உலோகத் திருமேனியின், முன்னால் போய்த்தான் நிற்கும். கொஞ்ச நேரம் நீங்களும் என்னோடு நில்லுங்கள்.

முதலில் அந்த வலக்கையைப் பாருங்கள். மடங்கி, இளைப்பாறி, எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. அது சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. ஆனாலும் கை விழவில்லை. ஒரு காலை மறுகாலின் குறுக்கே போட்டு, உடலை லேசாக ஒடித்து நிற்கும் அந்த ஒயிலில் காளையின் உயரம் தெரிகிறது, திமிலின் வளைவு தெரிகிறது. இன்னும் சற்று நின்றால் அதன் வெதுவெதுப்புகூடத் தெரியும். இல்லாத ஒன்றின் மேல் இவ்வளவு நம்பிக்கையோடு சாயும் கையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பிறகு தலை. மகுடம் இல்லை, சடையே தலைப்பாகையாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, பாம்புகள் அதில் இழையோடுகின்றன. ஒவ்வொரு சுற்றும் இப்போதுதான் விரல்களால் முறுக்கி விட்டதுபோல் மென்மையாக இருக்கிறது. இதெல்லாம் முதலில் மெழுகில் பிறந்தது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். மெழுகின் மேல் மண் பூசிச் சுட, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகம் பாய்ந்தது. மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அந்த அச்சில் இன்னொன்று பிறக்காது. சிற்பியின் விரல் மெழுகில் காட்டிய இளக்கம் ஆயிரம் ஆண்டாக உலோகத்தில் இறுகாமல் இருக்கிறது!

திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு இந்தத் திருமேனிக்குத் தரும் காலம் முதலாம் இராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011. பின்னர் மண்ணுக்கடியில் நெடுங்காலம் மறைந்திருந்து 1951-இல் வெளிப்பட்டார். இந்தக் கலைக்கூடம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

தாராசுரத்துக் கருங்கல் கஜசம்ஹாரரும் இங்கேதான் இருக்கிறார். யானைத் தோலுக்குள் சுழன்று முறுகும் அந்த உடலின் வேகத்தை ஒரே பார்வையில் அள்ளிவிட முடியாது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வர வேண்டும்.

இன்றைக்கு அம்மையிடம் போவோம். அடுத்த ஆண்டு, 1012-இல், ரிஷபவாகனருக்குத் துணையாக எழுந்தவள். இடுப்பு ஒரு பக்கம் இழைய, இடக்கை கொடியெனத் தொங்க, வலக்கை மட்டும் மார்பருகே உயர்ந்திருக்கிறது. அந்த விரல்கள் குவிந்தும் குவியாமலும் இருக்கும் பாங்கைப் பாருங்கள். நடுவே ஒரு சின்ன இடைவெளி. அன்றன்று பறித்த பூ ஒன்றைச் செருகுவதற்காகச் சிற்பி விட்டுவைத்த இடம். ஒரு காம்பு நுழையும் அளவுதான், அதற்கு மேல் இல்லை.