நிலவறை இசையும் விருந்தாளியின் இரசனையும்

யப்பானிய றொக் இசையைப் பற்றி மேனாட்டவர் எழுதும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ சென்ற இசைஞர் ஒருவர் ரோக்கியோ நகரிற் குடியேறுகிறார். இரயில் நிலையமொன்றின் அருகே குறுகிய படிக்கட்டால் இறங்கி, நூறு பேர் நிற்பதற்கும் இடம் போதாத நிலவறையொன்றினுட் புகுகிறார். அங்கே கேட்ட இசையில் மெய்ம்மறந்து, தம் தாய்நாட்டில் இறந்துபட்ட றொக் இசை இங்கே உயிரோடிருப்பதாகப் பறைசாற்றுகிறார். ஒலிக்கருவிகளின் தரமும், குறித்த நிமிடத்தில் நிகழ்ச்சி தொடங்கும் ஒழுங்கும், பாட்டு முடியும்வரை மூச்சடக்கி நிற்கும் இரசிகரின் பண்பும் வியந்துரைக்கப்படுகின்றன. இவற்றிற் பொய்யில்லை. ஆயினும், இவ்வியப்புரைகளைப் படிக்குந்தோறும் எனக்கு ஒரு வினா எழுவதுண்டு: அந்நிலவறையின் வாடகையைச் செலுத்துபவர் யார்?

யப்பானியர் 'லைவ் ஹவுஸ்' என வழங்கும் இக்கூடங்களிற் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் இசையரங்குகள் அல்ல. உணவுச்சாலைகளாக அனுமதி பெற்றவை. அதனாலேயே நுழைவுச்சீட்டுக்கு மேலாக ஐந்நூறோ அறுநூறோ யென் கொடுத்துக் குடிவகையொன்றை வாங்கியாகவேண்டும் என்ற விதி அங்கு நிலவுகிறது. தாகமற்றவனும் குடித்தாக வேண்டும். இது வேடிக்கை. வேடிக்கையல்லாத விதியொன்றும் உண்டு. அதன் பெயர் 'நொருமா'. மேடையேற விரும்பும் குழுவிடம் கூடத்தார் குறித்த தொகைச் சீட்டுகளை ஒப்படைப்பர். சீட்டு ஒன்று இரண்டாயிரம் யென், இருபது சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். குழுவினர் எட்டுச் சீட்டுகளையே விற்க முடிந்ததாயின், எஞ்சிய பன்னிரண்டுக்குமான 24,000 யென்னைத் தம் பையிலிருந்து கொடுத்தல் வேண்டும். அதாவது, பாடியதற்குக் கூலி பெறவேண்டியவன் பாடுவதற்குக் கூலி கொடுக்கிறான்.

'நொருமா' யப்பானியச் சொல்லன்று. ருஷ்ய மொழிச் சொல். இரண்டாம் உலகப் போரின் முடிவிற் கைதிகளாகிச் சைபீரிய முகாம்களில் உழைத்த யப்பானியப் படைவீரர், ஒரு நாளில் முடிக்கவேண்டிய வேலையின் அளவைக் குறிக்கும் அச்சொல்லைத் தம்மோடு தாயகங் கொண்டுவந்தனர். அது பின்னர் விற்பனை முகவரின் மாத இலக்காகி, இன்று கிற்றார் வாசிக்கும் இளைஞனின் கடனாகி நிற்கின்றது. சொற்களின் வரலாற்றைப் போற் குரூரமான நகைச்சுவை வேறு எங்கும் இல்லை. எல்லாக் கூடங்களும் இவ்வாறு நடப்பனவல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். பெயர்பெற்ற குழுக்களுக்கு இவ்விதி பொருந்துவதுமில்லை. புகழோடு வந்திறங்கும் வெளிநாட்டு இசைஞர் இதனை அறியாமலே பல்லாண்டு கழித்தலும் கூடும்.

இதனை நான் நூல்களில் மட்டும் படித்தேனல்லேன். என்னிடம் உயர்தரத்திற் தமிழ் கற்ற மாணவனொருவன் இப்பொழுது ஒசாக்காவில் மொழிப் பள்ளியொன்றிற் படிக்கிறான். மாணவ அனுமதியோடு இருப்போர் கிழமைக்கு 28 மணித்தியாலங்களுக்கு மேல் வேலைசெய்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த 28 மணித்தியாலங்களையும் அவன் சோற்றுப்பெட்டி கட்டும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலையாகக் கழிக்கிறான். சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, தான் ஒருநாள் லைவ் ஹவுஸ் சென்ற கதையைச் சொன்னான். "சேர், ட்ரம் அடிச்சவன் எங்கட வேலைத்தலத்திலை எனக்குப் பக்கத்திலை நிண்டு சோறு போடுறவன். பாட்டு முடிஞ்ச கையோட எல்லாரும் கடைசி ரெயினுக்கு ஓடினவங்கள். விடிய வேலை எல்லே." மேனாட்டுக் கட்டுரைகளிற் காணாத கடைசி இரயிலை என் மாணவன் கண்டான்.

இந்தப் பொருளியல் திடீரென முளைத்ததன்று. 1945 தொடக்கம் 1952 வரை யப்பான் அமெரிக்கப் படையின் ஆட்சியிலிருந்தது. படைமுகாம்களின் களியாட்டக் கூடங்களுக்கு ஜாஸும், அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களும் வாசிப்போர் தேவைப்பட்டனர். இரயில் நிலைய வாயில்களில் வாத்தியங்களோடு காத்துநின்றோரை இராணுவ லொறிகள் ஏற்றிச் சென்றன. அவர்கள் தரம் பிரிக்கப்பட்டுத் தரத்துக்கேற்பக் கூலி பெற்றனர். அக்கூலி அந்நாளையப் பட்டினியில் நல்ல கூலி. யப்பானின் பிற்காலப் பொப் இசைத் தொழிலைக் கட்டியெழுப்பியோர் பலர் அந்த லொறிகளில் ஏறியவர்கள். ஆகவே, விருந்தாளியின் செவிக்கினிமையாக வாசித்தல் என்ற பழக்கம் றொக் இசைக்கு முன்னரே அங்கு வேரூன்றிவிட்டது எனலாம்.

அப்பழக்கத்தை உடைக்க எழுந்த முயற்சிகளும் உண்டு. 1969ஆம் ஆண்டு வசந்தத்திலும் கோடையிலும் ஷின்ஜுக்கு நிலையத்தின் மேற்கு வாயில் நிலவறைச் சதுக்கத்தில், வியற்நாம் போரை எதிர்த்த இளைஞர் சனிக்கிழமைதோறும் கிற்றாருடன் கூடிப் பாடினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். யூலை மாதத்திற் பொலிசார் அவர்களைக் கலைத்ததோடு அமையாது, 'சதுக்கம்' என்றிருந்த பெயர்ப்பலகையை 'நடைபாதை' என மாற்றினர். சதுக்கத்தில் மக்கள் நிற்கலாம்; நடைபாதையில் நிற்பது குற்றம். ஒரு பெயரை மாற்றிப் பாட்டை நிறுத்திய இச்செயலை மொழி கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மறத்தற்கில்லை. அதற்குப் பின் பாட்டு மீண்டும் சுவர்களுக்குட் சென்றது. கியோத்தோவில் பழைய மதுக் களஞ்சியங்கள் 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஜிட்டொக்கு, தக்குதக்கு என்னும் இசைக்கூடங்களாயின. அவை கட்டடத் தோற்றத்தாலேயே காணத்தக்கவை. ரோக்கியோவில் 1976இல் ஷின்ஜுக்கு லொஃப்ட் தோன்றியது.

இதே காலத்தில் யப்பானிய இசைஞரிடையே நிகழ்ந்த இன்னொரு வாதமும் மனங்கொள்ளத்தக்கது. றொக் இசையை யப்பானிய மொழியிற் பாடுதல் இயலுமா என்பதே அது. உலகெங்கும் செல்லவேண்டுமாயின் ஆங்கிலத்திலேயே பாடவேண்டும் என்றார் யூயா உச்சிதா. தக்காஷி மட்சுமோட்டோ, ஹருஓமி ஹொசோனோ, எய்ச்சி ஓட்டாக்கி, ஷிகெரு சுசுக்கி ஆகிய நால்வர் சேர்ந்த 'ஹப்பி எண்ட்' குழுவினர் தாய்மொழியிற் பாடிக் காட்டினர். 1971இல் வெளிவந்த அவர்களது 'கசெமச்சி ரோமன்' என்ற இசைத்தட்டோடு வாதம் ஏறக்குறைய முடிந்தது. ஒரு மொழியின் ஓசை ஓர் இசை வடிவத்துக்குப் பொருந்துமா என்பது வாதத்தால் முடிவாவதன்று, ஆக்கத்தால் முடிவாவது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இத்தனையும் நடந்து முடிந்த மேடையில்தான் வந்தேறிய இசைஞர் ஏறுகிறார். அவருள் இருவரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

மாட்டி பிறீட்மன் 'மெகாடெத்' என்ற அமெரிக்கக் குழுவிற் பத்தாண்டு கிற்றார் வாசித்துப் புகழீட்டியவர். யப்பானிய மொழியை அஞ்சல்வழி கற்று, 2003இல் ரோக்கியோவிற் குடியேறினார். யப்பானியப் பொப் பாடல்களின்மீது அவர் கொண்ட காதல் போலியன்று. 2009இல் அப்பாடல்களையே தம் கிற்றாரால் வாசித்து 'ரோக்கியோ ஜூக்பொக்ஸ்' என வெளியிட்டார். ஆயினும் அவரை நாட்டுக்கு அறிமுகஞ் செய்தது நிலவறை அன்று, தொலைக்காட்சி. பின்னர் அரசின் மரபுரிமைத் திட்டத்துக்குத் தூதுவருமானார். தன் அழகைத் தனக்கே எடுத்துரைக்க அயலாரொருவரை நியமிக்கும் ஓர் அரசின் மனநிலை தனி ஆராய்ச்சிக்குரியது. பிறீட்மனைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. கேட்டதைச் செவ்வனே செய்தார்.

ஜிம் ஓ'றூர்க்கின் கதை வேறு. 1969இல் சிக்காகோவிற் பிறந்த இவர், 'சொனிக் யூத்' குழுவில் அங்கம் வகித்து 2005இல் விலகி, யப்பான் சென்று தங்கிவிட்டார். 2009இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'த விசிற்றர்'. வந்துபோகும் விருந்தாளி என்பது பொருள். முப்பத்தெட்டு நிமிட நேரம் ஓடும் ஒரே ஆக்கம். பாட்டில்லை, சொல்லில்லை. வாத்தியங்கள் யாவையும் அவரே தனித்தனியே வாசித்து அடுக்கியுள்ளார். நுணுக்கத்தில் அதற்கு ஈடு சொல்வது அரிது. ஆனால், பல தடவை கேட்டபின்பும் எனக்கு அது கதவடைத்த அறையொன்றின் இசையாகவே படுகின்றது. தெருவின் ஓசை அதற்குள் வரவில்லை. மொழி தெரியாத ஊரில் தன் அறைக்குள் இருந்து ஒருவன் செய்த நேர்த்தியான கைவேலை அது.

ஆறாண்டுகள் கழிந்து, 2015இல் 'சிம்பிள் சோங்ஸ்' வெளிவந்தது. இங்கே எட்டுப் பாடல்கள். 2001இன் பின் அவர் தம் குரலிற் பாடிய முதல் தனித்தட்டு. பியானோவில் எய்க்கோ இஷிபஷி, தாளத்தில் தட்சுஹிசா யமமோட்டோ எனப் பக்கத்தில் நின்றோர் யப்பானியர். இவர்கள் பதிவுக்காக ஒருநாட் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களல்லர். சிறு கூடங்களில் ஆண்டுக்கணக்காக அவரோடு வாசித்தவர்கள். வேறுபாட்டைச் செவி உடனே உணரும். தாளம் அவசரப்படும் இடத்திற் பியானோ காத்துநிற்கிறது. குரல் கரகரத்துத் தடுமாறும் இடத்தில் மற்றையோர் அதனைத் தாங்கிக்கொள்கின்றனர். முந்திய தட்டில் எவரும் எவரையும் தாங்க வேண்டியிருக்கவில்லை. குறையொன்றையும் சொல்லவேண்டும். பாடல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. 1970இல் உள்ளூர் இளைஞர் எந்த மொழியிற் பாடுவது என்று தம்முள் மோதிக்கொண்ட அதே நகரில், அமெரிக்கர் ஒருவர் ஆங்கிலத்திற் பாடும்போது அவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. அவர் தாய்மொழியிற் பாடுகிறார் என்பது உண்மையே. அந்தச் சலுகை எல்லோர்க்கும் கிடைப்பதில்லை என்பதும் உண்மையே.

அவருடைய யப்பானிய வாழ்வில் நான் பெரிதாக மதிப்பது வேறொரு பணியை. கோஜி வக்கமட்சு 2007இல் உருவாக்கிய 'ஐக்கிய செஞ்சேனை' பற்றிய திரைப்படத்துக்கு இசையமைத்தவர் ஓ'றூர்க். புரட்சி நாடி மலையேறிய மாணவர் சுயவிமர்சனம் என்ற பெயரில் தம் தோழரையே வதைத்துக் கொன்றதும், 1972 பெப்ரவரியில் அசாமா மலைவிடுதியிற் பொலிசாரின் முற்றுகைக்குள் முடிந்ததுமாகிய வரலாறு அது. யப்பானிய இடதுசாரிகள் இன்றும் கூசிப் பேசும் புண். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நீளும் அப்படத்தில், மாணவர் இயக்கத்தின் எழுச்சிக் காட்சிகளில் மின்கிற்றார் ஆரவாரித்து எழுகின்றது. அவ்வெழுச்சியின் கவர்ச்சியை அது மறைக்கவில்லை. கவர்ச்சியைக் காட்டாமல் வீழ்ச்சியை விளக்க முடியாது என்பதை இசையமைத்தவர் அறிந்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர் எவரிடமும் இத்தகைய பணி ஒப்படைக்கப்படுவதில்லை.

அவர் வாசித்த கூடங்களுள் ஒன்று றொப்பொங்கியில் நிலவறையாக இருந்த 'சூப்பர் டீலக்ஸ்'. கெய்ஜி ஹய்னோவுடனும் அவுஸ்திரேலியரான ஒரென் அம்பாச்சியுடனும் அவர் சேர்ந்து நிகழ்த்திய இசை அங்கே பதிவாகித் தட்டுகளாகவும் வந்தது. 2002இல் தொடங்கிய அக்கூடம் 2019இல் அவ்விடத்தை விட்டகன்றது. மறு ஆண்டிலேயே கொள்ளைநோய் வந்தது. ஒசாக்காவின் லைவ் ஹவுஸ்களில் நோய் பரவியதும் நாடெங்கும் இக்கூடங்கள் பழிக்கு ஆளாயின. இழப்பீடு எதுவும் உறுதிசெய்யப்படாமலே மூடுமாறு வேண்டப்பட்டன. 2020 மார்ச்சு இறுதியில் சில நாட்களுள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இழப்பீடு கோரித் திரட்டப்பட்டன. தம் மேடைக்குத் தாமே காசு கட்டியவர்கள், அம்மேடை பொதுச் சொத்துப்போலக் காக்கப்படவேண்டும் என்று அரசிடம் முதன்முதலாகக் கேட்டார்கள்.

நிற்க. 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். ஓ'றூர்க்கும் பிறீட்மனும் புலம்பெயர்ந்தோரே. ஆயினும் மேனாட்டு வழக்கில் அவர்களைக் குறிக்க ஒரு சொல்லும், என் மாணவனைக் குறிக்க வேறொரு சொல்லும் உண்டு. யப்பானியக் குடிவரவுச் சட்டமும் கலைஞன், களிப்பூட்டுவோன், மாணவன், பயிற்சித் தொழிலாளன் என மனிதரை வகுத்தே வரவேற்கின்றது. 2017இல் மாணவியாகச் சென்ற இலங்கைப் பெண்ணான விஷ்மா சந்தமாலி, வதிவிட உரிமையை இழந்து, 2020 ஓகஸ்ற்றிற் பிடிக்கப்பட்டு, 2021 மார்ச்சு 6ஆந் திகதி நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உடல்நலங் குன்றி இறந்தார். வயது 33. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசை அவருக்கு இருந்ததாம். இசையைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு நாட்டின் மாலைப்பொழுது எவ்வளவு இனிது என்று எழுதுவோரின் கடவுச்சீட்டையும் விமரிசகன் பார்க்கத்தான் வேண்டும். ஓ'றூர்க் செய்த குற்றமாக இதனை நான் கூறவில்லை. அவருடைய இசையைக் குறைத்து மதிப்பிடவும் இதனைப் பயன்படுத்தவில்லை.

என் மாணவனிடம் அன்றைய இசை எப்படியிருந்தது என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னான்: "பாட்டு ஒண்டும் விளங்கேல்லை சேர். ஆனா அவன் நல்லா அடிச்சான். அடுத்த மாசமும் இருக்காம். சீட்டு விக்கவேணும் எண்டு என்ர கையிலையும் நாலு தந்தவன். வேலைத்தலத்திலை ரெண்டு வித்துப்போட்டன். ஒண்டு எனக்கு. மற்றதுக்குத்தான் ஆளைத் தேடுறன்."