விரல்கள் அறிந்த வித்தியாசம்

ஃபயர்பாக்ஸில் நீளமான ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டு, ஒற்றை மேற்கோள் குறி விசையை ஒரு முறை தட்டிப் பாருங்கள். கன்ட்ரோலும் வேண்டாம், ஷிஃப்டும் வேண்டாம். சாளரத்தின் அடியில் சின்னதாக ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். நாலு எழுத்து அடித்தால், அதே சொல் பக்கமெங்கும் இறைந்து கிடந்தாலும் அதையெல்லாம் தாண்டி, இணைப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் போய் நிற்கும். என்டர் தட்டினால் அந்தப் பக்கம் திறந்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் சில நொடிகளில் பெட்டி தானாகவே மறைந்துவிடும். வந்த வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்கிற இந்த நாகரிகம் மென்பொருளில் அபூர்வம். விக்கிப்பீடியா மாதிரி இணைப்புகள் மண்டிய பக்கங்களில் இதைப் பழகிக்கொண்டவர்கள் மவுஸைத் தேடிக் கையை நகர்த்த மாட்டார்கள்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு: சாய்கோடு. அது இணைப்பு, எழுத்து என்று பார்க்காமல் பக்கம் முழுவதும் தேடும். யூனிக்ஸ் கணினிகளில் ‘வி’, ‘லெஸ்’ போன்ற நிரல்களில் புழங்கியவர்களுக்குத் தேடல் என்றாலே விரல் சாய்கோட்டுக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தை ஃபயர்பாக்ஸ் மதித்தது. ஆனால் இப்போது யூடியூப், கிட்ஹப் போன்ற தளங்கள் தங்கள் சொந்தத் தேடல் பெட்டிக்குச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டுவிட்டன. அண்ணனுக்குப் பல வீடுகளில் இப்போது நுழைவு இல்லை.

குரோமில் இதே காரியத்துக்குக் கன்ட்ரோல் எஃப், சொல், எஸ்கேப், பிறகு என்டர். நடக்கும், ஆனால் சுற்றுவழி. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது மேற்கோள் விசை ‘ய’ ஆகிவிடும், சாய்கோடு ‘ழ’ ஆகிவிடும். ஃபயர்பாக்ஸின் நளினமெல்லாம் அந்த இடத்தில் செல்லாது. ஆங்கிலத்துக்கு மாறி, தட்டி, மறுபடி தமிழுக்கு வந்து சொல்லை அடிக்க வேண்டும். கன்ட்ரோல் எஃப் எந்த மொழியிலும் கூப்பிட்ட குரலுக்கு வரும். தமிழ்ப் பக்கங்களில் குரோமின் சுற்றுவழிதான் நேர்வழி.

குரோமின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. (விண்டோஸை வைத்தே பேசுகிறேன், மேக்காரர்கள் மன்னிக்கவும்.) கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அடித்தால் திறந்திருக்கும் தாவல்களின் பட்டியல் விரியும், தலைப்பில் இரண்டு எழுத்து போதும், வேண்டிய தாவலுக்குப் போய்விடலாம். ஐம்பது தாவல்களைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றையும் மூட மனம் வராதவர்களை மனத்தில் வைத்தே இதைச் செய்திருப்பார்கள் என்று தோன்றும். ஃபயர்பாக்ஸில் அதே மூன்று விசைகள் துணைநிரல்கள் பக்கத்தைத் திறக்கின்றன. மாதத்துக்கு ஒரு முறை போகிற இடத்துக்கு இவ்வளவு நல்ல விசையைக் கொடுத்தது வீண். அங்கே தாவலைத் தேட முகவரிப் பட்டைக்குப் போய் சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் இட வேண்டும். உடுக்குறி இட்டால் புத்தகக்குறிகள், கூரைக்குறி இட்டால் வரலாறு. ஒற்றைக் குறியில் அடங்குவது அழகுதான். ஆனால் யாராவது சொல்லித்தராமல் தெரியவராது. குரோமில் @ குறிக்குப் பின் சொல்லையே எழுத வேண்டும். அழகு குறைவு, மறதி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு கன்ட்ரோல் டேப். குரோமில் அது தாவல்களை இடமிருந்து வலமாக, வரிசை பிசகாமல், பந்தியில் பரிமாறுவதுபோல எடுத்துச்செல்லும். ஃபயர்பாக்ஸ் 2018-ல் வெளியான 63-ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவுபவர்களுக்கு, கடைசியாகப் பார்த்த தாவலுக்கு முதலில் போகும்படி மாற்றியது. மூலத்தை ஒரு தாவலிலும் மொழிபெயர்ப்பை இன்னொன்றிலும் வைத்து ஒப்பிடுகிறவருக்கு, நடுவில் இருபது தாவல்கள் இருந்தாலும், ஒரே தட்டு. மெய்ப்புத் திருத்துகிறவர்கள் இதற்காகவே உலாவியை மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காதவர்கள் அமைப்பில் ஒரு பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டால் பழைய வரிசை வந்துவிடும்.

இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்களைத் தடுமாறவைப்பது கன்ட்ரோல் ஷிஃப்ட் என். குரோமில் அது மறைநிலைச் சாளரம். ஃபயர்பாக்ஸிலோ, மூடிய சாளரத்தை மீட்டுத் தருவது. யாருக்கும் தெரியாமல் ஒன்றைப் பார்க்கலாம் என்று அடித்தால், சற்றுமுன் மூடிய சாளரம் அத்தனை தாவல்களோடும் முன்னால் வந்து நிற்கும். ஃபயர்பாக்ஸில் தனிப்பட்ட சாளரத்துக்கு அடிக்க வேண்டியது கன்ட்ரோல் ஷிஃப்ட் பி.

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் இரண்டும் கடைசியில் ஒரே முடிவுக்கு வந்தன. முந்தைய பக்கத்துக்குப் போக அது ஒரு காலத்தில் எல்லோருக்கும் பழகிய விசை. படிவத்தை நிரப்பும்போது கர்சர் பெட்டிக்கு வெளியே இருப்பது தெரியாமல் அழிக்கப்போய், எழுதியதெல்லாம் போனவர்கள் ஏராளம். குரோம் 2016-ல் அதை எடுத்தது. பழக்கத்தில் தட்டுகிறவர்களுக்கு ஆல்ட்டும் இடது அம்பும் என்று திரையிலேயே நினைவூட்டியது. ஃபயர்பாக்ஸ் 2021-ல்தான் அசைந்தது. பழையதை விட மனமில்லாதவர்களுக்கு இரண்டும் வழி வைத்தன. கூகுள் அதற்கென்றே தனியாக ஒரு நீட்சியை வெளியிட்டது. ஃபயர்பாக்ஸோ உள்ளமைப்புப் பக்கத்தின் ஒரு வரியில் பூஜ்யம் என்று எழுதினால் போதும் என்று விட்டுவிட்டது.