சுமை இல்லாமல் கை எவ்வளவு உரமேறும்?

குங்ஃபூவின் பழைய பயிற்சி வரிசைகளைச் செய்தால் கை உரமேறும் என்று ஆசான்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. தென்சீன ஹுங் கார் மரபின் ‘இரும்புக் கம்பி’ வரிசையை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் டிட் கியூ சாம் என்ற ஆசானின் பெயரோடு பேசப்படும் இது, அதே மரபின் ஆசான் லாம் சாய் விங் (1861–1943) பெயரில் நூலாகவும் வந்தது. முழங்கை விலாவை ஒட்டியிருக்க, ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்தி, கையை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ள வேண்டும். தள்ளும் தசையை இழுக்கும் தசையே மறிப்பதால், சிறிது நேரத்திலேயே முன்கை நடுங்கத் தொடங்கும். 1953இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் ஹெட்டிங்கரும் முல்லரும் அசையாமல் இறுக்கினாலே தசை வலுப்பெறும் என்று சோதனையில் காட்டினார்கள். இந்த வரிசைக்கு அது நல்ல ஆதரவு.

ஆனால் அப்படிக் கிடைக்கும் வலு, மூட்டை எந்தக் கோணத்தில் வைத்துப் பழகினோமோ அதையொட்டியே பெரும்பாலும் நிற்கிறது. அதைவிடப் பெரிய குறை, சுமை ஏறாததுதான். முதல் சில மாதங்களில் தெரியும் முன்னேற்றம் பிறகு தேங்கிவிடும். முன்கையில் இரும்பு வளையம் மாட்டிப் பழகும் வழக்கத்தைப் பார்த்தால், அந்த மரபுக்கே இது தெரிந்திருக்கிறது. நம்மில் பலர், போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன கலை என்று சொல்லப்படுவதற்காகவே இதைச் சோதிக்காமல் ஏற்கிறோம். ஆனால் பயிற்சியை அவரோடு இணைக்கும் ‘யீ ஜின் ஜிங்’ நூலை ஆய்வாளர்கள் அவர் காலத்துக்கு வெகு பிந்தைய 17ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். பெருமிதம் தசையை வளர்க்காது.

பிடியும் இழுவிசையும் இந்த வரிசைகளில் குறைவு. நிக்கோபாரிகளின் ‘கிரிப்’ மல்யுத்தத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். இருவரும் ஒருவர் முதுகை மற்றவர் சுற்றிக் கைகோத்துப் பிடிப்பார்கள். ஆட்டம் முடியும்வரை பிடி தளரக்கூடாது. அந்த நிலையிலேயே காலையும் உடலையும் பயன்படுத்தி எதிராளியை மண்ணில் சாய்க்க வேண்டும். அவர் திமிறத் திமிற விரல், முன்கை, தோள் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. கார் நிக்கோபாரின் ஹோடிப் படகில் துடுப்புப் போடும் கைக்கும் கடல்நீரே சுமை.

ஆனால் கிரிப்புக்கு எதிராளி வேண்டும், ஹோடிக்கு ஆட்களும் அமைதியான கடலும் வேண்டும். மழை விடாத பருவத்தில், உடற்பயிற்சிக்கூடம் இல்லாத ஒரு தீவில், தனியாளுக்கு நாலடி இடமும் ஒரு வரிசையும் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அதனால் வரிசையை விடச் சொல்ல மாட்டேன். அதோடு உத்தரத்தில் தொங்கி உடலைத் தூக்குவதையும், வாளியில் நீரைக் கூட்டிக்கொண்டே போய்த் தூக்குவதையும் சேர்த்தால் போதும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று ஏறும். சொல்லித்தருபவர், பழக வருபவருக்கு அது உண்டா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.