ரஹ்மானின் கவ்வாலியும் நம் சந்தமும்

ஏ. ஆர். ரஹ்மானின் கலைவாழ்வை எழுதுவோர் 1992இல் வெளியான ‘ரோஜா’விலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கும் முன்னே, 1980களின் இறுதியில், ‘தீன் இசை மாலை’ என்னும் தமிழ் இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு அவர் இசையமைத்திருந்தார். இளைஞர் ஒருவரின் அந்தத் தொடக்க முயற்சியைச் சாதனையென்று கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் தமிழில் இறைவனைப் பாடும் மரபின் வாசலில் அவர் ஒருகால் நின்றவர் என்பது நினைவிருக்க வேண்டும். ஏனெனில் அவ்வாசல் வழியே அவர் அதிக தூரம் செல்லவில்லை.

சென்ற வழி வடக்கே இருந்தது. ‘ஃபிஸா’ (2000), ‘ஜோதா அக்பர்’ (2008), ‘ராக்ஸ்டார்’ (2011) ஆகிய இந்திப் படங்களில் ஹாஜி அலியையும் அஜ்மீர் காஜாவையும் நிஜாமுத்தீன் அவ்லியாவையும் விளித்தெழுந்த பாடல்களே அவருடைய ஸூஃபி இசையின் முகமாயின. இவற்றுள் ‘ராக்ஸ்டார்’ பாடலை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். கைத்தட்டலும் தாளமும் படிப்படியாக விரைந்து கேட்போரை வஜ்து நிலைக்கு இட்டுச் செல்வது கவ்வாலியின் இயல்பு. ரஹ்மான் அவ்விரைவை மறுக்கிறார். ஹார்மோனியமும் குழுக்குரலும் அடங்கியே ஒலிக்கின்றன. பாடல் மேலே ஏறாமல் உள்ளே இறங்குகிறது. மஹ்ஃபிலுக்குரிய வடிவம் தனியொருவனின் முனாஜாத்தாகி விடுகிறது. இது நகலன்று. ‘ஜோதா அக்பர்’ பாடலிலும் தம் குரலைப் பணிவாகவே வைத்திருக்கிறார். அக்பரின் அவையில் கொன்யாவின் மவ்லவிய்யா தரீக்காவினரைப் போலச் சுழலும் தர்வேஷ்களைக் காட்டிய பொருத்தமின்மை இயக்குநரைச் சேர்ந்தது.

இசை ஆகுமா ஆகாதா என்னும் விவாதத்துள் இங்கு நாம் புகவில்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸமாவுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியிருப்பதை வாசகர் அறிவர்.

நமது குறை வேறு. ‘பம்பாய்’ (1995) படக்கதை தமிழகக் கடலோரச் சிற்றூரொன்றில் தொடங்குகிறது. அங்கே முஸ்லிம் வீட்டுத் திருமணத்தில் ஒலிக்கும் ‘கண்ணாளனே’ இனிமையில் குறைவற்றது. ஆனால் அதில் குழுவினர் இசைக்கும் ஒலிக்கோவைகள் உருதுச் சாயல் கொண்டவை. நம் கடற்கரை ஊர்களின் மணப்பந்தல் அதில் கேட்கவில்லை. இந்திப் படக் கதைகள் கவ்வாலியைக் கேட்டன, அவர் கொடுத்தார் என்பதை ஏற்கிறோம். தமிழ்க் கதை கேட்டபோதும் வடபுலத்து ஒலிதானே வந்தது? இளையராஜா ‘செம்பருத்தி’யில் (1992) நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரலை நாடினார். எம். எஸ். விஸ்வநாதன் ‘முகமது பின் துக்ளக்’ (1971) படத்தில் தாமே அல்லாஹ்வைத் தமிழில் பாடினார். முஸ்லிமல்லாத இவ்விருவருக்கும் தமிழ் முஸ்லிமின் குரல் எதுவென்று தெரிந்திருந்தது.

இதன் விளைவைத் திருப்பூரில் நாம் அன்றாடம் கேட்கிறோம். பவர் டேபிள்களின் இரைச்சலுக்கிடையே பாட்டுக் கேட்டபடி வேலை செய்யும் ஊர் இது. பீகார், ஒடிசாத் தொழிலாளரும் மதுரை, தேனிப் பக்கத்தாரும் அருகருகே அமர்ந்து தைக்கின்றனர். ‘ராக்ஸ்டார்’ பாடல் பீகார் முஸ்லிம் இளைஞனுக்குத் தன் ஊர் தர்காவின் ஒலி. தமிழ் முஸ்லிம் இளைஞனோ சொற்பொருள் விளங்காமலே அதைத் தன் மார்க்கத்தின் ஒலியாக ஏற்கிறான். ஹனிபா அவனுக்குப் பாட்டனார் வைத்திருந்த கேசட். நூலும் சாயமும் தையலும் நம்முடையவை, லேபிள் மட்டும் அயலாருடையது என்பது இவ்வூருக்குப் பழகிய வாணிபம். இறைவனைப் பாடுவதிலும் அது நேர்வதை நம்மால் இலேசாகக் கொள்ள இயலவில்லை. 2009இல் ஆஸ்கர் மேடையில் நின்று, “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னவரிடம் நாம் இதைக் கேட்பது மிகையாகாது.

தமிழில் பொருளுக்குப் பஞ்சமில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகள், கிஸ்ஸாக்கள், நாமாக்கள், பக்கீர்கள் தப்ஸ் கொட்டிப் பாடுபவை எனப் பல உள. அனைத்தினும் மேலாக, காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழ். அருணகிரிநாதரின் சந்தத்தை ஏற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழும் நூல் அது. நம் அருகே அவிநாசியிலும் அருணகிரியார் பாடியிருக்கிறார். அச்சந்தம் கொங்கு நாட்டுச் செவிக்கு அந்நியமன்று. அதன் குறில் நெடில் ஓட்டத்திலேயே தாளம் அடங்கிக் கிடக்கிறது. ஹார்மோனியம் வேண்டாம், ஒரு தப்ஸ் போதும். ரஹ்மான் தம் குரலிலேயே அதைப் பாடிக் கேட்க விரும்புகிறோம்.