பத்து விநாடி அதிகாரம்

சுகர் பஃப்ஸா, ஃப்ராஸ்டிஸா? 2018 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த, பார்வையாளரின் தேர்வுப்படி கதை நகரும் ‘பேண்டர்ஸ்னாட்ச்’ படம் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, நாயகன் ஸ்டெஃபனின் காலை உணவு. திரையின் அடியில் வெள்ளைக் கோடு சுருங்கிக்கொண்டே வரும். பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் படமே முடிவெடுத்துவிடும். அற்பக் கேள்விதான், ஆனால் கை பழகிவிடுகிறது. பிறகு, கணினியில் தேநீரைக் கொட்டுவதா, அப்பாவைப் பார்த்துக் கத்துவதா என்று கேட்கும்போது நாமும் உடந்தை. கணினி விளையாட்டு உருவாக்கும் ஸ்டெஃபனிடம், கம்பெனி வேலைக்கு ஒப்புக்கொள் என்று நல்ல புத்தி சொன்னாலோ, அவன் விளையாட்டு படுதோல்வி. கதை பின்னால் போய் மறுபடி கேட்கும். எழுதிய சார்லி ப்ரூக்கருக்கு என்ன குறும்பு! யார் யாரை ஆட்டுவிக்கிறார்கள் என்ற சந்தேகம் ஸ்டெஃபனுக்கு மட்டுமா வந்தது? கதையின் பல முடிவுகளைவிட, விரல் தயங்கும் அந்தப் பத்து விநாடிதான் சுவை. 2025 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸ் இந்தப் படத்தை நீக்கிவிட்டது.