பொதுப்பெயரும் இனவரையறையும்: ‘நரிக்குறவர்’ என்னும் சுட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு மக்கள்திரளைச் சுட்டும் பொதுப்பெயர் அம்மக்களை விளக்குகிறதா, அன்றிச் சுட்டியவரின் பார்வையை மட்டுமே பதிவு செய்கிறதா என்னும் வினாவை, ‘நரிக்குறவர்’ என்னும் பெயரைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இனவரைவியல் நூல், அரசுப் பட்டியல், தமிழாய்வு ஆகிய மூன்று தளங்களில் அப்பெயர் இயங்கும் முறை இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நரிக்குறவர், வாக்ரி, குறவர், பொதுப்பெயர், பழங்குடிப் பட்டியல்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பாடாலூர். அதே வட்டத்தைச் சார்ந்த காரை மலையப்ப நகரிலும், மாவட்டத்தின் மற்றொரு பகுதியான எறையூரிலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. ஊராரும் அரசும் இம்மக்களை இப்பெயரால் அழைப்பினும், இவர்கள் தம்முள் வழங்கும் பெயர் ‘வாக்ரி’ என்பதாகும். இவர்தம் மொழியாகிய வாக்ரிபோலி, குசராத்தியோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழி. இதனை விளக்கும் ஜி. சீனிவாச வர்மாவின் நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. எனினும், இம்மக்களைக் குறிஞ்சி நிலக் குறவரின் வழியினராகக் கருதும் போக்கு தமிழாய்வில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. இப்பிழையின் வேர் பெயரிலேயே உள்ளது.

நோக்கியவர் இட்ட பெயர்கள்

எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் இம்மக்கள் ‘குருவிக்காரன்’ என்னும் தலைப்பில் இடம்பெறுகின்றனர். தமிழர் இட்ட பெயர் இவர்கள் பிடித்த பறவையைச் சுட்டுகிறது. தெலுங்கர் இட்ட ‘நக்கலவாண்டலு’ இவர்கள் வேட்டையாடிய நரியைச் சுட்டுகிறது. ‘காட்டு மராட்டி’ என்பது மொழியையும் வாழிடத்தையும் பற்றிய ஊகம். ‘வாகிரி’ என்னும் தற்பெயரையும் அந்நூல் பதிவு செய்கிறது. ஆயினும், அது தலைப்பாகவில்லை; மாற்றுப்பெயராகவே நின்றது. இவர்தம் மொழியை மராத்தி என அந்நூல் குறிப்பதும் கருதத்தக்கது. பிறர் இட்ட பெயரில் இருந்த ஊகமும் நூலின் விவரிப்பும் ஒரே திசையில் செல்கின்றன. அவ்வூகத்தை விலக்க, மொழியைத் தனியே ஆராயும் மொழியியல் தேவைப்பட்டது.

‘குறவர்’ என்னும் சொல்லின் சுமை

சங்க இலக்கியத்தில் ‘குறவர்’ என்பது குறிஞ்சித்திணையின் மக்களைக் குறிக்கும். அது நிலத்தோடும் தொழிலோடும் இயைந்த பெயர். இன்றைய நிர்வாக வழக்கில் அச்சொல் பல பட்டியல்களில் சிதறிக் கிடக்கிறது. ‘குறவன், சித்தனார்’ பட்டியல் சாதியினருள் அடங்குவர். ‘தோகைமலைக் குறவர் அல்லது கேப்மாரி’ என்னும் பிரிவினரோ திருச்சிராப்பள்ளி, கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களுக்கெனச் சீர்மரபினர் பட்டியலில் உள்ளனர். ஒரே சொல் பட்டியல்தோறும் வெவ்வேறு திரளைச் சுட்டுமாயின், அச்சொல்லைக் கொண்டு மரபுவழி உறவை நிறுவுதல் இயலாது.

1871ஆம் ஆண்டின் குற்றப்பழங்குடிகள் சட்டம் தொடங்கிவைத்த அணுகுமுறை, மக்கள்திரளின் பெயரையே குற்றத்தின் சான்றாக மாற்றியது. இன்று ‘கேப்மாரி’ என்பது பேச்சுத்தமிழில் ஏமாற்றுக்காரனை ஏசும் வசைச்சொல். சட்டம் நீங்கிய பின்னரும் வசை நீங்கவில்லை. குறவர் அமைப்புகள், வாக்ரி மக்களின் பெயரிலிருந்து ‘குறவர்’ என்னும் ஒட்டை நீக்குமாறு கோரிவருவதையும் இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர்மீது படிந்த இழிவும் ஒருவருக்குரிய உரிமையும் மற்றவர்மீது ஏற்றப்படும் நிலை இங்கு உள்ளது.

பட்டியலின் தர்க்கம்

பழங்குடியை அடையாளம் காண 1965இல் லோகூர் குழு கூறிய அளவைகள் தொன்மைப் பண்புகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறரோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகிய ஐந்து. பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் பாசிமணியும் ஊசியும் விற்று வாழும் ஒரு சமூகத்திற்கு மூன்றாம், நான்காம் அளவைகள் பொருந்துவது அரிது. ஆயினும், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த இச்சமூகத்தை, ‘நரிக்குறவன், குருவிக்காரன்’ என்னும் பெயர்களில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இது வேண்டப்பட்ட நீதியே. ஆனால், நீதி கிடைத்தது பிறர் இட்ட இரு பெயர்களின் வழியாகத்தான். கல்வி உதவிக்கும் வேலைக்கும் சான்றிதழ் கோரும் வாக்ரி இளைஞர், தம் வீட்டில் வழங்காத பெயரையே தம் பெயராக எழுத வேண்டும்.

மாற்றுப்பெயரின் எல்லை

அவ்வாறாயின் ‘நரிக்குறவர்’ என்பதை முற்றிலும் விலக்கலாமா? ஐரோப்பாவில், எகிப்தியர் என்னும் தவறான கருத்திலிருந்து பிறந்த ‘ஜிப்சி’ என்னும் பெயருக்கு மாற்றாக, 1971இல் இலண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாடு ‘ரோமா’ என்பதை ஏற்றது. எனினும், செருமனியில் சிந்தி மக்கள் அப்பொதுப்பெயருக்குள் அடங்க மறுத்தனர். அங்கு ‘சிந்தியும் ரோமாவும்’ என்றே வழங்குகிறது. தற்பெயரும் பொதுப்பெயராகும்போது உள்வேறுபாட்டை மறைக்கக்கூடும். வாக்ரி மக்களிடையேயும் எருமை பலியிடுவோர், ஆடு பலியிடுவோர் என்னும் பிரிவுகள் உள்ளன. மேலும், உரிமைக் கோரிக்கைகளில் ‘நரிக்குறவர்’ என்னும் பெயரை அவர்களே எடுத்தாள்கின்றனர். அப்பெயரை ஆய்வாளர் தம் விருப்பப்படி அழித்தல், அவர்தம் போராட்ட வரலாற்றை அழிப்பதாகவே முடியும்.

முடிவுரை

பொதுப்பெயர் ஒரு முகவரி போன்றது. அரசு ஒரு மக்கள்திரளைச் சென்றடைய அது பயன்படும். அங்கு வாழ்வோர் யாவர் என்பதை முகவரி கூறாது. ஆகவே, மொழி, வழிபாடு, உறவுமுறை ஆகியவற்றை ஆராயும்போது ‘வாக்ரி’ என்பதையும், சட்டம், கல்வி, ஒதுக்கீடு ஆகியவற்றை ஆராயும்போது ஆவணப்பெயராகிய ‘நரிக்குறவர்’ என்பதையும் வேறுபடுத்தி ஆளுதல் தகும். எப்பெயரை ஆண்டாலும், அதனை இட்டவர் யார், எந்த அளவையால் இட்டார், இன்று அதனால் பெறுவோரும் இழப்போரும் யாவர் என்னும் மூன்று வினாக்களை ஆய்வாளர் எழுப்புதல் வேண்டும். சொல்லொற்றுமையை இரத்த உறவாகக் கொள்ளும் ஆய்வு, சங்கக் குறவரையும் அறியாது. இன்றைய வாக்ரி மக்களையும் அறியாது.